சேலைன் போத்தலும் தாதியின் எல்லையும்

நம்மூரில் ஒருவர் இரண்டு நாள் காய்ச்சலிற் படுத்துவிட்டால், பார்க்க வருபவர் முதலிற் கேட்பது, "சேலைன் ஏற்றியாயிற்றா?" என்பதே. குளிகைக்கு இல்லாத மதிப்பும் கஞ்சிக்கு இல்லாத மரியாதையும் தலைமாட்டில் தொங்கும் அந்தப் போத்தலுக்கு உண்டு. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, பொத்துவில் வழியாக அறுகம்பேக் கரை வரையில் இந்த நம்பிக்கைக்குச் சமய பேதம் கிடையாது. உம்மாவும் அம்மாவும் இவ்விடயத்தில் ஒரே கட்சியினர்.

இந்நம்பிக்கையின் பாரம் இறுதியில் யார் தலையில் இறங்குகின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஊரிலே தாதி வேலை கற்ற பெண்பிள்ளை ஒருத்தி இருப்பாள். அரசாங்கத் தாதியர் கல்லூரியில் மூன்றாண்டு பயின்று பதிவு பெற்றவளாகத்தான் அவள் இருக்கவேண்டும் என்பதில்லை. தனியார் நிலையமொன்றிற் குறுகிய காலப் பயிற்சி பெற்று, உதவித் தாதியாக வேலை பார்ப்பவளாகவும் இருக்கலாம். விடுமுறைக்கு வீடு வந்தவளை அயலவர் தேடி வருவர். "மகள், வாப்பா நல்லா இளைச்சிப் போயிட்டாரு. சேலைன் வாங்கி வெச்சிருக்கம், ஒருக்கா வந்து ஏத்தி விடுங்க" என்பர். மறுத்தால் அவள் செருக்குக்காரி. இசைந்தால் தனக்கு உரிமையில்லாத காரியத்தைச் செய்தவள். இவ்விரண்டுக்கும் நடுவில் அவளைக் கொண்டுபோய் நிறுத்துபவர்கள் நாமே.

முதலில் அந்தப் போத்தலில் இருப்பது யாதென அறிதல் நன்று. சாதாரண சேலைன் என்பது நூற்றுக்கு 0.9 பங்கு உப்புக் கலந்த நீர். ஒரு லீற்றரில் 9 கிராம் உப்பு உண்டு. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உட்கொள்ளல் வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆக, ஒரு லீற்றர் சேலைன் ஏறக்குறைய இரண்டு நாளைக்குரிய உப்பு. சத்து என்று தேடினால் அதில் ஒரு பருக்கைச் சோற்றின் சத்துக்கூட இல்லை. 5 வீதக் குளுக்கோசுக் கரைசலில் 500 மில்லிலீற்றர் ஏற்றினாலும் உள்ளே போவது 25 கிராம் குளுக்கோசுதான். ஐந்தாறு தேக்கரண்டிச் சீனியின் அளவு. வாயால் உண்ணவும் பருகவும் கூடியவருக்கு இதனால் விளையும் நன்மை சொற்பம். இதயமோ சிறுநீரகமோ தளர்ந்த முதியவருக்கு விளையக்கூடிய தீமையோ பெரிது. மிகுதியான நீர் நுரையீரலில் தேங்கி மூச்சை முட்டச் செய்யும்.

இனி, ஏற்றும் முறையைப் பார்ப்போம். வழக்கமான குழாய்களுள் ஒரு வகையில் 20 துளி சேர்ந்தால் ஒரு மில்லிலீற்றர். ஒரு லீற்றரை எட்டு மணி நேரத்தில் ஏற்றுமாறு வைத்தியர் எழுதினால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளிகள் விழவேண்டும். திருகு சற்றே தளர்ந்து அது மும்மடங்காகிவிட்டால், எட்டு மணி நேரத்துக்குரியது மூன்று மணி நேரம் ஆகுமுன்பே உடலுட் புகுந்துவிடும். குழந்தைகளுக்குப் பயன்படும் நுண்துளிக் குழாயிலோ ஒரு மில்லிலீற்றருக்கு 60 துளிகள். ஒரு குழாயின் கணக்கை மற்றதற்குக் கொண்டால் மூன்று பங்கு பிழைத்துவிடும். ஊசியை நாளத்திற் செலுத்தும் கைப்பழக்கத்தைப் பலமுறை பார்த்தும் செய்தும் பெற்றுவிடலாம். இந்தக் கணக்கும், வீக்கமோ நடுக்கமோ மூச்சுத் திணறலோ தோன்றும் முதற்கணத்திலே அதனைக் கண்டு நிறுத்தும் அறிவுமே பயிற்சியின் பெரும்பகுதி.

டெங்குக் காய்ச்சல் இதற்கு நல்ல சான்று. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் அந்நோய்க்கு ஆளாயினர். 400 பேருக்கு மேல் இறந்தனர். கடுமையான டெங்கிலே ஓரிரு நாட்களுக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும். அப்போது கொடுக்கும் திரவம் குறைந்தால் இரத்த ஓட்டம் தளர்ந்து நோயாளி மயங்குவார். மிஞ்சினால், கசிந்த நீர் திரும்பும் வேளையில் நுரையீரல் நனையும். ஆகையாற்றான் வைத்தியசாலையில் மணிக்கு மணி அளந்து எழுதுகின்றார்கள். இந்த அளவுகோல் வீட்டுக் கட்டிலிற் கிடைக்குமா?

2023ஆம் ஆண்டில் வடக்கே காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட சிறுமி ஒருத்தி, மருந்தேற்றக் கையிற் பொருத்திய குழாயை அடுத்து நேர்ந்த சிக்கலால் அந்தக் கையையே இழந்த செய்தி நாட்டைக் கலங்கவைத்தது. பிழை எவருடையது என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை, நமது வேலையன்று. ஆயினும், வைத்தியரும் தாதியரும் சூழ்ந்திருக்கும் இடத்திலேயே இத்தகைய விபரீதம் நேரக்கூடுமாயின், வீட்டுத் திண்ணையில் என்ன காவல் உண்டு என்று கேட்காதிருக்க முடியவில்லை.

இச்சிகிச்சையின் வரலாற்றுத் தொடக்கமே நமக்கு ஒரு பாடம். 1832ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தின் லீத் நகரில் வாந்திபேதி பரவியபோது, தோமஸ் லாட்டா என்னும் வைத்தியர், சாகுந் தறுவாயிலிருந்த மூதாட்டி ஒருத்தியின் நாளத்தினூடாக உப்புநீரைச் செலுத்தினார். அரை மணி நேரத்துக்குள் அவள் முகந் தெளிந்தது, குரல் திரும்பியது. வைத்தியர் அவளை வைத்தியசாலையிலிருந்த மற்றொருவர் பொறுப்பில் விட்டுச் சென்றார். பேதி மீண்டது, அவருக்கு எவரும் சொல்லியனுப்பவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் அவள் இறந்தாள். ஊசி ஏற்றிய கை சரியாகவே ஏற்றியது. காவலிருந்த கண்ணும் செய்தி சொல்லவேண்டிய வாயும் தவறின.

எனவேதான் நாகரிக நாடுகள் இவ்வேலைக்கு வரம்பு கட்டின. நம் நாட்டில் 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் தாதியரைப் பதிவு செய்வதற்கென ஒரு பேரவையை அமைத்தது. அமெரிக்காவிலே கலிபோர்ணியா, டெக்சாஸ் ஆகிய இரு மாநிலங்களில், பதிவுத் தாதியரிலும் குறைந்த காலம் பயின்ற 'தொழிற்பயிற்சித் தாதியர்' என ஒரு பிரிவினர் உளர். கலிபோர்ணியச் சட்டம் அவர்களுக்கு வாயிலை முற்றாக மூடிவிடவில்லை. அங்கீகாரம் பெற்ற தனிப்பயிற்சியை முடித்து, ஒழுங்கமைந்த மருத்துவ நிலையத்தில், எழுதிவைத்த நடைமுறைப்படி, வைத்தியரின் பணிப்பின்கீழ் அவர்கள் நாளத்தினூடாகத் திரவம் ஏற்றலாம், இரத்தமும் ஏற்றலாம். மருந்தை நேரே நாளத்திற் செலுத்துவதோ பொதுவாக அவர்களது எல்லைக்கு அப்பாற்பட்டது. அதே கை, அதே குழாய். இருந்தும் இந்த வேறுபாடு ஏன்? நாளத்துட் சென்ற மருந்தைத் திருப்பி எடுக்க வழியில்லை. செறிந்த பொற்றாசியம் குளோரைட்டை நீர்க்கச் செய்யாமற் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். பிழை திருத்த அவகாசமில்லாத இடத்தில் வரம்பு கடுமையாகத்தான் இருக்கவேண்டும்.

"இவையெல்லாம் பட்டணத்துக்குப் பொருந்தும், அறுகம்பேக் கரையில் நள்ளிரவில் வரம்பு பார்த்துக்கொண்டிருந்தால் உயிர் போய்விடாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அறுகம்பேப் பாலத்தைச் சிதைத்ததை நேரிற் கண்டவர்களுக்கு, வைத்தியசாலைக்குப் போகும் வழி அறுவதென்றால் என்னவென்று சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை. ஆனால், வழியில்லாத இடத்திற்கு ஏற்ற விடையை 1971ஆம் ஆண்டே நமக்குத் தந்துவிட்டது.

அவ்வாண்டு வங்கப் போரில் அகதிகளாய் வந்தோரிடையே, மேற்கு வங்காளத்தின் பொங்காவ் என்னுமிடத்தில் வாந்திபேதி பரவியது. சேலைனும் குறைவு, அதனை ஏற்றப் பயின்ற கைகளும் குறைவு. வைத்தியர் திலீப் மகலானபிஸ் பயிலாதவர் கைகளில் ஊசியைக் கொடுத்துவிடவில்லை. உப்பு, குளுக்கோசு, சமையற் சோடா மூன்றையும் அளவாகக் கலந்து நீரிற் கரைத்து, நோயாளிகளின் உறவினரைக் கொண்டே வாயாற் பருகச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு நான்கிற்கும் குறைந்தது. ஆபத்தான வேலையைப் பயிலாதவரிடம் தள்ளாமல், பயிலாதவரும் பிழையின்றிச் செய்யக்கூடிய வேலையை அவர் கண்டெடுத்தார். நம் வீடுகளில் 'ஜீவனி' என்று கரைத்துக் கொடுக்கின்றோமே, அது அந்த வழியில் வந்ததே. ஒரு லீற்றருக்குரிய பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரிற் கரைத்து, கரண்டி கரண்டியாகப் புகட்டுவதற்கு எந்தத் தாய்க்கும் உரிமை உண்டு. நினைவு தடுமாறினாலோ, கொடுத்தது யாவும் வாந்தியானாலோ, சிறுநீர் நின்றுவிட்டாலோ அப்பாலும் வீட்டில் வைத்திருத்தல் தகாது.

அரசாங்கத்திடம் நாம் கேட்கவேண்டியவை உண்டு: கரையோர வைத்தியசாலைகளில் இரவிலும் போதிய பதிவுத் தாதியர், குறுகிய பயிற்சி பெற்ற பெண்கள் மேலும் கற்று மேலேற ஒரு படிக்கட்டு. அவற்றைக் கேட்குமுன், நம்மிடம் நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். இத்திரவத்தை ஏற்றும்படி எழுதிக் கொடுத்த வைத்தியர் யார்? ஏற்றுபவர் அதற்குப் பயிற்சியும் அனுமதியும் பெற்றவரா? ஏற்றி முடியும்வரை பக்கத்திலிருந்து பார்ப்பவர் யார்? ஒன்றுக்கேனும் விடையில்லையாயின் போத்தலைத் தொங்கவிடாதிருப்பதே நலம்.

"இஃது என்னால் ஆகாது, வைத்தியசாலைக்குப் போவோம், நானும் கூட வருகிறேன்" என்று அந்தப் பெண்பிள்ளை சொல்வாளாயின், அதனைக் கர்வமென்று கொள்ளற்க. தன் அறிவின் எல்லையை அறிந்தவள் அவள். அவளை நம்பி, உடனே வண்டியைப் பிடியுங்கள்.