கட்டை உயர்ந்தால் சங்கீதம் உயருமா?

இதயத் துடிப்பின் மாறுபாட்டைத் திரையில் காட்டி மூச்சைப் பழக்கும் பயோஃபீட்பேக் மென்பொருள்களைப் பயன்படுத்துவோரிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. கடினப் படியை உயர்த்திக்கொண்டே போவதுதான் முன்னேற்றம், கீழ்ப்படியிலேயே இருப்பவர் கற்றுக்குட்டி அல்லது சோம்பேறி என்பது அது. இந்த நம்பிக்கை பிழையானது மட்டுமல்ல, பயிற்சியின் நோக்கத்துக்கே பகையானது என்பது என் தரப்பு.

அந்தப் படி உண்மையில் எதை மாற்றுகிறது என்று முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் ஹார்ட்மேத் நிறுவனம் உருவாக்கிய எம்வேவ் மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். காதுமடலில் மாட்டும் உணரி நாடியைப் படிக்கிறது. துடிப்பு வேகம் சீரான அலையாக ஏறி இறங்கினால் ‘ஒத்திசைவு’ மிகுதி என்று பச்சையும், நடுத்தரமானால் நீலமும், குறைந்தால் சிவப்பும் தோன்றும். கடினத்தில் நான்கு படிகள் உண்டு. படியை உயர்த்தும்போது மாறுவது இந்த நிறங்களுக்கான வரம்பு மட்டுமே. இதயம் இருந்தபடிதான் இருக்கிறது. தேர்ச்சி மதிப்பெண்ணை 35-லிருந்து 60 ஆக்கிவிட்டால் மாணவனின் அறிவு கூடிவிடுமா?

அந்த மதிப்பு அளப்பது அலையின் ஒழுங்கை, உயரத்தை அல்ல. மொத்த ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பங்கு ஒரே அலைவரிசையில் குவிந்திருக்கிறது என்பதே கணக்கு. வயது ஏற ஏற மாறுபாடு சுருங்குவது இயல்பு. நிமிடத்துக்கு நான்கு துடிப்புகள் மட்டுமே ஏறி இறங்கும் முதியவரும் அலை சீராக இருந்தால் பச்சையைப் பெறலாம். இருபது துடிப்புகள் ஏறி இறங்கும் இளைஞர் நடுவில் ஒரு பெருமூச்சு விட்டாலே அதை இழக்கலாம். கடன் தவணையை நினைத்துக்கொண்டே ஒருவர் நிதானமாக மூச்சுவிட்டாலும் பச்சை எரியக்கூடும். மனம் எங்கே இருக்கிறது என்பது உணரிக்குத் தெரியாது. இப்படிப்பட்ட ஓர் எண்ணின் மேல் ஏணி வைத்து, ஏறியவர் ஏறாதவர் என்று பிரிப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

மூச்சை உள்ளிழுக்கும்போது இதயம் விரைகிறது, வெளிவிடும்போது தணிகிறது. இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் அனிச்சைச் செயலும் இதனுடன் சேர்ந்து இயங்குகிறது. அந்தச் செயலில் ஏறத்தாழ ஐந்து நொடித் தாமதம் இருப்பதால், பத்து நொடிக்கு ஒரு மூச்சு என்ற வேகத்தையொட்டி இரண்டும் இசைந்து அலை பெரிதாகிறது. யெவ்கெனி வாசில்லோ, பால் லெஹ்ரர் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட பயிற்சி முறையின் சாரம் இதுதான். நிமிடத்துக்கு 4.5 முதல் 6.5 மூச்சு வரையிலான வேகங்களைச் சோதித்து, ஒவ்வொருவருக்கும் உரிய வேகத்தைக் கண்டறிய வேண்டும். உயரமானவர்களுக்கு இது சற்று மெதுவாக அமைகிறது. பாடகர் தன் குரலுக்கேற்ற சுருதியைத் தேர்வதைப் போன்றது இது. ஐந்து கட்டையில் பாடுபவர் ஒரு கட்டையில் பாடுபவரைவிடப் பெரிய வித்வான் என்று யாரும் சொல்வதில்லை.

2001-இல் லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வையும் இங்கே நினைவுகூரலாம். இலத்தீன் ஜெபமாலையோ ‘ஓம் மணி பத்மே ஹூம்’ மந்திரமோ சொல்பவர்களின் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறாகக் குறைந்தது. அழுத்தத்தைச் சமன்செய்யும் அனிச்சையும் கூர்மையடைந்தது. அவர்கள் முன்னால் பச்சையும் இல்லை, படியும் இல்லை.

அப்படியானால் படியே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். எப்போதும் பச்சையே எரிந்தால் பின்னூட்டம் எதையும் கற்றுத்தராது. தவறும்போது தெரிந்தால்தான் திருத்திக்கொள்ள முடியும். ஆகவே பச்சையும் நீலமும் மாறிமாறித் தோன்றும் படியே ஒருவருக்கு உரிய படி. நாள்கணக்கில் பச்சை அசையாமல் நின்றால் உயர்த்தலாம். தோள் இறுகி, மூச்சை வலிந்து இழுத்து, தலை கிறுகிறுத்தால் இறக்க வேண்டும். அளவுக்கு மீறி மூச்சு வாங்குகிறோம் என்பதற்கான அறிகுறி அது. முன்னேற்றத்தை ஒப்பிட விரும்புபவர் சில வாரங்களாவது படியை மாற்றாமல் இருக்க வேண்டும். வெவ்வேறு படிகளில் கிடைத்த பச்சைகளைக் கூட்டிப் பார்ப்பது, படியில் அளந்த நெல்லையும் மரக்காலில் அளந்த நெல்லையும் ஒரே எண்ணிக்கையில் சேர்ப்பதாகும். துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்கும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கும் இந்த எண் நம்பத்தக்கதன்று. அவர்கள் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

மென்பொருள் செய்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. அலையின் உயரத்தையும் மூச்சின் வேகத்தையும் முன்னே வைத்து, படியை அமைப்புகளின் உள்ளே தள்ளிவிடலாம். விளையாட்டின் ஆசையைக் காட்டி ஆட்களை இழுப்பது எளிது. ஆனால் இங்கே கற்க வேண்டியது விடுவதை. வெல்லத் துடிப்பவரின் மூச்சு முதலில் இழப்பது அதைத்தான்.