குற்றச்சாட்டுக்கு முதல் பக்கம், தீர்ப்புக்கு மூலையா?

தப்லீக் ஜமாஅத் என்ற இஸ்லாமிய அமைப்பின் டெல்லி மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டினருக்கு கொரோனா ஊரடங்கு காலத்தில் இடம் கொடுத்ததாக 70 இந்தியர்கள் மீது பதிவான 16 வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது. 2020 ஏப்ரலில் அந்த மாநாட்டைப் பற்றிய குற்றச்சாட்டு திரும்பத் திரும்ப முதல் பக்கத்தில் வந்தது. தீர்ப்பு வந்த செய்தியோ பல வாசகர்களின் கண்ணில்கூடப் படவில்லை. பழி சுமத்தும்போது பெரிய எழுத்து, பழி நீங்கும்போது பொடி எழுத்து என்ற இந்த வழக்கத்தைப் பத்திரிகைகள் கைவிட வேண்டும்.

நீதிமன்றங்கள் அப்போதே பேசின. 31 வெளிநாட்டினர் மீதான வழக்கை 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை முடித்துவைத்தது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டினர் பலிகடா ஆக்கப்பட்டதாகவும், ஊடகங்கள் பெரும் பிரச்சாரம் செய்ததாகவும் கண்டித்தது. டிசம்பரில் டெல்லி நீதிமன்றம் 36 வெளிநாட்டினரை விடுவித்தது.

‘அரசு சொன்னதைத்தானே அச்சிட்டோம்?’ என்று கேட்கலாம். டெல்லி மாநாட்டில் தொற்று பரவியது உண்மை. போய்வந்தவர்கள் பரிசோதனைக்கு வர அந்தச் செய்தி தேவைப்பட்டதும் உண்மை. ஆனால் அரசு அறிக்கையில் இருந்தது ஒரு மாநாட்டின் பெயர். பல தலைப்புகளில் குற்றவாளியாக நின்றது ஒரு சமூகம். 2020 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தில் புதிதாகத் தொற்று உறுதியான 110 பேரும் அம்மாநாட்டுக்குப் போய்வந்தவர்கள். அன்று யாரைத் தேடிப் பரிசோதித்தார்கள்? பெரும்பாலும் அவர்களையே. தேடிய இடத்தில்தான் கிடைக்கும் என்ற இந்த விளக்கத்தை எண்ணிக்கையோடு சேர்த்து அச்சிடுவது செய்தியாளரின் கடமை. நோய்க்கு மதச்சாயம் பூசக் கூடாது என்று அன்றைய முதலமைச்சர் பழனிசாமியே கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது.

இத்தகைய செய்திகளின் சுமை டெல்லியோடு நிற்பதில்லை. சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே மரக்காயர்கள் கடல் வணிகம் செய்த காலந்தொட்டுத் தமிழ் முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். அங்குள்ள முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். மீனவக் குப்பங்கள் ‘பாடு’ என்ற மரபுப்படி முறைவைத்து ஏரியில் வலைபோடுகின்றன. முகத்துவாரம் தூர்ந்து இறால் வரத்துக் குறைந்தால், வலைபோட்டவருக்கும் நட்டம், வாங்கி விற்பவருக்கும் நட்டம். கடைத்தெருவில் இந்த எல்லாச் சமூகத்தினரும் ஒருவரையொருவர் தொழிலால், பெயரால், தெருவால் அறிந்தவர்கள். அங்கே போகும் நாளிதழ் மட்டும் ‘இவர் இன்ன மதம், எச்சரிக்கையாக இருங்கள்’ என்று சொல்லாமல் சொல்லலாமா?

வேறு வகையிலும் குறை இருக்கிறது. பழவேற்காட்டுச் செய்தி என்றால் டச்சுக் கல்லறை, பூநாரை, புயல் எச்சரிக்கை. அங்குள்ள முஸ்லிம்கள் என்றால் நோன்புக் கஞ்சிப் படம், மதநல்லிணக்கக் கட்டுரை. ஓலை முடைவதற்குக் கிடைக்கும் கூலி என்ன, பிள்ளைகள் எந்த வகுப்போடு படிப்பை நிறுத்துகிறார்கள் என்று கேட்டு எழுதும் செய்தி அரிது. பாராட்டும்போதும் பழிக்கும்போதும் மட்டுமே ஒரு சமூகத்தை நினைப்பது, அதை நாட்டுக்கு விருந்தாளியாகப் பார்ப்பதாகும். அவர்கள் விருந்தாளிகள் அல்லர். இந்த மண்ணின் குடிமக்கள்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. குற்றச்சாட்டு வந்த பக்கத்தில், அதே அளவில் தீர்ப்பும் வரவேண்டும். இணையத்தில் நிற்கும் பழைய செய்திகளின் மேலேயே வழக்கின் முடிவைச் சேர்க்க வேண்டும். ஒருவரின் மதத்தைக் குறிப்பிடுமுன், வேறு மதத்தவர் இதைச் செய்திருந்தாலும் எழுதியிருப்போமா என்று செய்தி ஆசிரியர் கேட்க வேண்டும். பழவேற்காடு போன்ற ஊர்களின் எல்லாச் சமூகங்களிலிருந்தும் இளைஞர்களைச் செய்தியாளர்களாகச் சேர்க்க வேண்டும்.

இவற்றுக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பத்திரிகைச் சுதந்திரத்தை நமக்கு வழங்கிய அரசியல் சாசனம்தான் ஒவ்வொரு குடிமகனுக்கும் மாண்பை உறுதியளித்திருக்கிறது. முதலாவதைக் கேட்டுப் பெறும் நாம், இரண்டாவதைக் காக்கவும் கடமைப்பட்டவர்கள்.