யமஷிதாவுக்கு எதற்குப் புகழாரம்?

எழுபதே நாளில், தன் படையைவிடப் பெரிய பிரிட்டிஷ் படையைப் பணிய வைத்தவர், 'மலாயாப் புலி' என்று ஜப்பானிய ஜெனரல் யமஷிதாவைச் சிலாகிப்பவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. நான் ஜாலான் புசாரில் குடியிருப்பவன். இங்குள்ள பந்து விளையாட்டரங்கம் 1942 பிப்ரவரியில், ஜப்பானியர் சீனர்களைக் களையெடுத்த 'சுக் சிங்' நடவடிக்கையின் மையங்களில் ஒன்று. சீன ஆண்களை வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். முகமூடி போட்ட காட்டிக்கொடுப்பவன் தலையசைத்தால் லாரி. தப்பியவருக்குச் சட்டையிலோ கையிலோ ஒரு முத்திரை. லாரியில் ஏறியவர்கள் சாங்கி, பொங்கோல் கடற்கரைகளில் சுடப்பட்டார்கள். உத்தரவு யமஷிதாவுடையது.

1946 பிப்ரவரி 23 அன்று அவரைத் தூக்கிலிட்டது பிலிப்பீன்ஸ் கொடுமைகளுக்காக. சிங்கப்பூர்ப் படுகொலைக்காக அவர் கூண்டில் ஏறவே இல்லை. 1947இல் இங்கு நடந்த விசாரணையில் அவருக்குக் கீழிருந்த ஏழு பேர் நின்றார்கள். தூக்கு இருவருக்கு மட்டும்.

'அது சீனர்களின் துக்கம்' என்று நம்மவர் சிலர் ஒதுங்குவது சரியல்ல. கூப்பிடு தூரத்து ஃபேரர் பார்க்கில்தான், அதே வாரம், சரணடைந்த பிரிட்டிஷார் தங்கள் படையின் இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். பெற்றோர்களே, பந்தாட்டம் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துவரும்போது இதையும் சொல்லுங்கள்.