நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு காகிதப்பெட்டி

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் காலத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளை அபூர்வம். இல்லாவிட்டால் "காகிதம் சேர்த்துப்பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சொல்லியிருப்பார்கள்!

நான் பிழைப்புக்காக இடப்பள்ளி வந்து முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாகிறது. என் மகள் 1991-இல் தென்காசிப் பக்கம் அவளுடைய தாத்தா வீட்டில் பிறந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? மூன்றாம் மாதம் இங்கே கொண்டு வந்துவிட்டோம். பள்ளிக்கூடம், நர்சிங் படிப்பு எல்லாம் கேரளத்தில்தான். பிறகு ஜெர்மனியில் வேலை கிடைத்துப் போனாள். 2017-இல் ஒருநாள் போனில், "அப்பா, இங்கேயே ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள ஆசைப்படுகிறேன். அவர் இந்த ஊர்க்காரர்" என்றாள்.

அன்று வீட்டில் நடந்ததை விரிக்க வேண்டாம். எப்படியோ ஒரு மாதத்தில் சம்மதித்தோம். "இனி என்ன, தேதி பார்க்க வேண்டியதுதான்" என்றேன். "தேதி நாம் பார்ப்பதில்லை அப்பா, காகிதம் பார்த்துச் சொல்லும்" என்றாள் மகள்.

அவள் கேட்டவை இரண்டே இரண்டு: பிறப்புச் சான்றிதழ், திருமணமாகாதவள் என்பதற்கான சான்று. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. பரணில் இருந்த பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால், குழந்தையின் பெயர் என்ற இடம் காலி! "பெண்" என்று மட்டும் இருந்தது. பெயர் வைத்த பிறகு ஊருக்குப் போய் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இது யார் குற்றமும் இல்லை, என் குற்றம். பதிவான 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமலும், அதன்பின் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயர் சேர்க்கலாம் என்பது விதி. பழைய பதிவுகளுக்குத் தமிழ்நாட்டில் அந்தக் கெடு அப்போது நீட்டிக்கப்பட்டிருந்ததால் நாங்கள் தப்பித்தோம்.

அடுத்த சிக்கல் முன்னெழுத்து. தமிழ்நாட்டில் அது பெயருக்கு முன்னால் நிற்கும், கேரளத்தில் பெயருக்குப் பின்னால் நிற்கும். பாஸ்போர்ட்டிலோ முன்னெழுத்துக்கே இடமில்லை, தகப்பன் பெயரை முழுதாக விரித்து எழுத வேண்டும். அப்படி விரித்தபோது என் பெயரின் ஆங்கில எழுத்துகள் மகளின் பள்ளிச் சான்றிதழில் ஒருவிதமாகவும், பாஸ்போர்ட்டில் வேறுவிதமாகவும் விழுந்துவிட்டன. சுப்பையா என்பதை ஒரு "பி" போட்டு எழுதினாலும் இரண்டு "பி" போட்டு எழுதினாலும் நமக்கு அவர் ஒருவரே. அயல்நாட்டு அதிகாரிக்கு அவர்கள் இரண்டு ஆட்கள்! நல்லவேளை, இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று கேரள வருவாய்த்துறை தரும் சான்றிதழ் ஒன்று உண்டு. "ஒன் அண்ட் த சேம்" என்று கேட்டால் வில்லேஜ் ஆபீசில் புரிந்துகொள்வார்கள். நம்மைப் போல் இரண்டு மாநிலத்தில் கால் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அது பெரிய துணை.

மூன்றாவதுதான் பெரிய சோதனை. ஒரு நாட்டின் சான்றிதழை மற்ற நாடுகள் ஏற்க "அப்போஸ்டில்" என்றொரு முத்திரை இருக்கிறது. 1961-இல் ஹேக் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கை இது. இந்தியாவுக்கு 2005 ஜூலை 14 முதல் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூர் 2021-இலும் கனடா 2024-இலும்தான் இந்த முறைக்குள் வந்தன. ஆனால் இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்திருந்தது. அதனால் அந்த முத்திரை எங்களுக்கு உதவவில்லை. தூதரகத்தின் சார்பில் ஒரு வழக்கறிஞர் பதிவேட்டையே நேரில் பார்த்து, பள்ளியிலும் அக்கம்பக்கத்திலும் விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டும். இதற்குப் பல மாதம் பிடிக்கும். இதுபோக, மணம் செய்யத் தடையில்லை என்று தாய்நாடு தரும் ஒரு தனிச் சான்றையும் அங்கே கேட்கிறார்கள். இந்தியா அப்படியொன்று கொடுப்பதில்லை. ஆகவே அந்த ஊர் மேல் நீதிமன்றத்தின் தலைவர் விலக்கு அளிக்க வேண்டும். அந்த விலக்கும் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மாதங்கள் தள்ளிப் போகப் போக என் மனதின் ஒரு மூலையில் சந்தோஷம் இருந்தது. "தாமதமாகட்டும், பெண் மனம் மாறினாலும் மாறலாம்" என்ற நப்பாசை! அவள் திருமணமாகாதவள் என்று நான் கையெழுத்திட வேண்டிய பிரமாணப் பத்திரம் மூன்று வாரம் என் மேஜையிலேயே கிடந்தது. "நோட்டரி ஊரில் இல்லை" என்றுகூட ஒருமுறை சொன்னேன்.

ஒருநாள் விசாரணைக்கு ஆள் வந்தார். நான் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு மலையாளி அம்மாவிடம், "இந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா, "என் கண்முன்னால் வளர்ந்த குழந்தை. கல்யாணம் ஆகியிருந்தால் நான் சாப்பாட்டுக்குப் போயிருக்க மாட்டேனா?" என்று மடக்கிவிட்டார்களாம். மாலையில் என்னிடம் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அயலார் ஒருவர் என் மகளுக்காக ஒரு நிமிடத்தில் சொன்ன சாட்சியை, பெற்ற தகப்பன் மூன்று வாரமாகச் சொல்லாமல் இருந்தேனே! மறுநாள் காலையே கையெழுத்திட்டு அனுப்பினேன். 2018-இல் திருமணம் நடந்தது.

தாமதத்தை ஆயுதமாக எடுக்கும் பெற்றோர் நான் ஒருவன் மட்டுமல்ல. 2022-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்கு வந்த வழக்கைப் பலர் படித்திருக்கலாம். கன்னியாகுமரி மாவட்டப் பெண், அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மாப்பிள்ளை. சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் அறிவிப்புக் கொடுத்தார்கள். வந்த ஆட்சேபங்களில் ஒன்று மாப்பிள்ளையின் தகப்பனாருடையது! காத்திருந்தும் வேலை முடியாமல் மாப்பிள்ளை அமெரிக்கா திரும்ப வேண்டியதாயிற்று. கடைசியில், மூன்று சாட்சிகள் முன்னிலையில் காணொளி வழியாகவே திருமணத்தை நடத்தி வைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. பிள்ளைகள் கோர்ட் படி ஏறித்தான் நாம் வழிவிட வேண்டுமா?

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மட்டாஞ்சேரி நண்பர் ஒருவரின் உறவுப் பையன் சிங்கப்பூரில் "வொர்க் பெர்மிட்"டில் வேலை பார்த்தவன். அந்த ஊர்ப் பெண்ணை மணக்க நிச்சயம் செய்து, மண்டபமும் பேசிவிட்டார்கள். வொர்க் பெர்மிட்டில் இருப்பவரோ, முன்பு இருந்தவரோ சிங்கப்பூர்க் குடிமக்களை மணக்க அங்குள்ள மனிதவள அமைச்சின் முன் அனுமதி வேண்டும், திருமணம் எந்த நாட்டில் நடந்தாலும் வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. மண்டப முன்பணம் போனது, போனதுதான்.

ஆகவே என் கருத்து இதுதான். காகிதம் என்பது கல்யாணம் நிச்சயமான பிறகு ஓடித் தேடும் பொருளல்ல, குழந்தை பிறந்த வருடத்திலேயே சேர்க்க வேண்டிய சொத்து. பெண் குழந்தை பிறந்ததும் குன்றிமணியாகப் பொன் சேர்க்கிறோம் அல்லவா? அந்த நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு காகிதப்பெட்டியும் இருக்கட்டும். பிறப்புப் பதிவில் பெயர் ஏறியிருக்கிறதா, தாய் தகப்பன் பெயர் எல்லாச் சான்றிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா, நம்முடைய திருமணமே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் திருமணப் பதிவு வரை பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டமே வந்துவிட்டது. பிழையைத் திருத்த ஊருக்கு ஒருமுறை போய்வரும் செலவு, பின்னால் படும் பாட்டுக்கு முன் ஒன்றுமே இல்லை.

நம் சங்கம் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் சிறப்பாக நடத்துகிறது. வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விவரம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை அழைத்து, உறுப்பினர்கள் தத்தம் காகிதங்களைக் கொண்டுவந்து சரிபார்க்க ஏற்பாடு செய்தால் என்ன? செயற்குழு யோசிக்கட்டும்.

என் பேத்திக்கு இப்போது ஐந்து வயது. அவள் பிறந்த செய்தி வந்ததும் என் மனைவி "யார் ஜாடை?" என்று கேட்டாள். நான் கேட்டது: "பெயரைப் பதிவு செய்துவிட்டீர்களா?"