பெயர் வெட்டாத சாமான்

இந்த வாரம் நாளிதழுக்குள்ளிருந்து ஒரு துண்டுப் பிரசுரம் விழுந்தது. 'மார்பக அழகு சிகிச்சை. ஆயுள் முழுக்கக் கவலையில்லை.' காபி கசந்துவிட்டது.

சிகிச்சையின் மேல் எனக்குக் கோபமில்லை. 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இதை இலவசமாகத் தொடங்கியபோது பலரும் கேலி செய்தார்கள். ஏழைப் பெண்ணுக்கு மட்டும் ஆசை இருக்கக்கூடாதா என்று இங்கே எழுதி நான் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எரிச்சல் அந்த 'ஆயுள் முழுக்க' மேல்தான். உள்ளே வைக்கிற சிலிக்கோன் பை ஆயுளுக்கும் வருகிற சாமான் இல்லை. அமெரிக்காவில் 2021இலிருந்து இதைக் கட்டம் கட்டிய எச்சரிக்கையாகவே போட வேண்டியிருக்கிறது. பையைச் சுற்றி உடம்பு தானாக ஒரு சவ்வைக் கட்டிக்கொள்ளும். சிலருக்கு அது இறுகிவிடும், வலிக்கும், வடிவம் கோணும். பை கிழியவும் கிழியும். அப்புறம் இன்னொரு ஆபரேஷன்.

ஏற்கெனவே பை வைத்துக்கொண்ட எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி அந்த யோசனையில்தான் இருக்கிறாள். "எடுத்துட்டுப் புதுசு வைக்கிறதா, சும்மா விட்டுடறதா ஆச்சி?" நான் என்ன டாக்டரா? புது டாக்டர் அவளிடம் கேட்டாராம்: என்ன கம்பெனி, எந்த அளவு, தசைக்கு மேலா கீழா? அவளிடம் பணம் கட்டிய ரசீதுகூட இல்லை.

காகிதப் புராணத்தை ஆரம்பித்துவிட்டாள் என்பீர்கள். ஆமாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குப் போய் ஒரு பித்தளைத் தூக்கைத் திருப்பிப் பாருங்கள். விளிம்போரம் புள்ளி புள்ளியாய் இனிஷியல் வெட்டியிருக்கும். சீர் சாமானில் கரண்டியைக்கூட விட்டதில்லை. கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று பத்திரம் எழுதிக் கைமாற்றுகிற ஊர் இது. எங்கள் அப்பத்தா ஊறுகாய் ஜாடியை இரவல் கொடுத்தாலும் மூடியோடா மூடியில்லாமலா என்று நோட்டில் குறித்துவைப்பார். அப்படிப்பட்ட வீட்டுப் பெண், நெஞ்சுக்குள் இருப்பது இன்னதென்று தெரியாமல் நிற்கிறாள்.

பிரான்சில் பிப் என்ற கம்பெனி, மருத்துவத்துக்கு ஆகாத தொழிற்சாலை சிலிக்கோனைப் பைகளில் அடைத்து விற்றது 2010இல் அம்பலமானது. சுமார் 30,000 பெண்களிடம் எடுத்துவிடுங்கள் என்று அடுத்த ஆண்டு பிரெஞ்சு அரசு சொன்னது. எனக்குள் இருப்பதும் அதுதானா என்பதுதான் ஒவ்வொருத்தியின் கேள்வியும். கம்பெனிப் பெயர் போட்ட அட்டை பத்திரமாக இருந்தவளுக்கு உடனே விடை. பிரிட்டன் இதில் சூடுபட்டுத்தான் 2016இல் இந்தப் பைகளுக்கென்று பதிவேடே தொடங்கியது.

பையோடு கம்பெனி, அளவு, வரிசை எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு வரும். ஒன்று கேஸ் ஷீட்டில், ஒன்று நம் கையில் இருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்கிறது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. அதே விதி, மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும் என்றும் சொல்கிறது! பை அதைவிட எவ்வளவோ காலம் உள்ளே கிடக்குமே? அவளுக்குப் பை வைத்த ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, "அவ்வளவு பழசெல்லாம் இருக்காதுங்க மேடம்" என்று போனை வைத்துவிட்டார்கள்.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் பை கிழிந்திருக்கிறதா என்று தெரியும். கம்பெனிப் பெயரைப் பொதுவாக அது சொல்லாது. திறந்துதான் பார்க்க வேண்டும். அவள் புதிது வைக்கட்டும், வைக்காமல் போகட்டும், அது அவள் இஷ்டம். ஆபரேஷன் நோட்டும் ஒட்டுச்சீட்டும் கைக்கு வந்த பிறகுதான் மிச்சப் பணம் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.