பணவீக்கம் இறங்கிவிட்டது, அடகு மீண்டதா?

நெடுந்தீவு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது குதிரைகளும் பவளக்கல் வேலிகளும்தான். எனக்கு மண்ணெண்ணெய்க் கான்தான் நினைவுக்கு வருகிறது. 2022 இன் நெருக்கடி ஒரு வீட்டின் வரவு செலவை எப்படிக் குலைத்தது என்பதை அந்தக் கானை வைத்தே விளக்கலாம்.

2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. எரிபொருள் வரிசைகளும் பின்னர் கியூஆர் முறையும் வந்தன. அவை பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. கடற்றொழிலாளர் மீது பேரிடி விழுந்தது ஆகஸ்ட் மாதம் 22 ஆம் திகதிதான். லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவானது. பல்லாண்டு மானியம் அரச நிறுவனத்துக்கு நட்டத்தைத் தந்தது என்பது உண்மை. ஆனால் அந்த நட்டம் யாருடைய தலைக்கு மாற்றப்பட்டது?

நகரத்து வீட்டில் மண்ணெண்ணெய் செலவுகளில் ஒன்று. நெடுந்தீவில் அது தொழிலின் முதல். சிறு படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் அதில்தான் ஓடுகின்றன. ஒரு தடவை கடலுக்குப் போக 20 லீற்றர் வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். முன்பு 1,740 ரூபா. விலையேற்றத்தின் பின் 6,800 ரூபா. மீன் பட்டாலும் படாவிட்டாலும் இந்தக் காசு போய்விடும். இழுவைப்படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போனால் அந்த நட்டம் வேறு. இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் 2017 இலேயே வந்துவிட்டது. இந்திய இழுவைப்படகுகளின் வருகை நின்றபாடில்லை.

செலவுப் பக்கமும் கடலைத்தான் நம்பியிருக்கிறது. அரிசி, மா, சீமெந்து எல்லாம் குறிகட்டுவானில் படகேறியே தீவுக்குப் போக வேண்டும். கடையில் எழுதியிருக்கும் விலையில் ஏற்றுகூலி, இறக்குகூலி, படகுக்கூலி எல்லாம் அடக்கம். எரிபொருள் ஏறினால் இவையும் ஏறும். சமுர்த்தியின் இடத்துக்கு 2023 இல் வந்த அஸ்வெசுமவில் கொழும்புக்கும் நெடுந்தீவுக்கும் ஒரே தொகைதான். இடையிலுள்ள கடலுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

இனி எல்லாம் சீராகிவிட்டது என்கிறார்கள். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 70 சதவீதமாக இருந்த பணவீக்கம், ஓராண்டில் 1.3 சதவீதத்துக்கு இறங்கியது. இதைப் பொருட்கள் மலிந்துவிட்டன என்று விளங்கிக்கொள்வது தவறு. 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கியது அடுத்த ஆண்டு சுமார் 170 ரூபா. அதற்கடுத்த ஆண்டு 172 ரூபா. ஏறும் வேகம்தான் குறைந்தது. மண்ணெண்ணெய் விலை பின்னர் இறங்கியதும் உண்மையே. ஆனால் பழைய 87 ரூபா திரும்பி வரவில்லை. போதாக்குறைக்கு 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது.

இந்த இடைவெளியைச் சாதாரண வீடுகள் எதைக்கொண்டு நிரப்பின? பெரும்பாலும் பெண்களின் நகையைக்கொண்டுதான். தாலிக்கொடியும் காப்பும் அடகுக்குப் போயின. வட்டி கட்ட முடியாதவை ஏலத்துக்கும் போயின. பணவீக்கப் புள்ளிவிபரத்தில் இது எங்கும் தெரியாது. வருமானம் பழைய நிலைக்கு வந்தாலும், முதலில் அது போவது வட்டிக்கு.

நெடுந்தீவில் வாழ்வோர் பெரும்பாலும் கத்தோலிக்க, இந்துத் தமிழர். நமக்கென்ன என்று யாரும் கேட்கலாம். கற்பிட்டியிலும் முசலியிலும் கடலை நம்பி வாழும் நம்மவர்களும் அதே இயந்திரத்துக்கு அதே மண்ணெண்ணெயைத்தான் ஊற்றுகிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வேரூன்றிய குடும்பங்களும் அவர்களுள் உண்டு. வட்டி ஹராம் என்பது ஜும்ஆவில் அடிக்கடி கேட்கும் செய்தி. நகை அடகில் கிடக்கும் வீட்டுக்கு அதற்கப்பால் நாம் என்ன வழி வைத்திருக்கிறோம்?

ஸகாத் பெறத் தகுதியான எட்டு வகையினருள் கடனாளிகளும் அடங்குவர். ஆனால் ரமழானில் நம் கண்ணில் அதிகம் படுவது உலருணவுப் பொதிகளே. பசிக்கு அது தேவை, மறுக்கவில்லை. அடகு மீட்பதற்கும், படகு இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதற்கும், வட்டியில்லாக் கடனுக்கும் ஸகாத், ஸதகா நிதிகளில் ஒரு பங்கை ஒதுக்குவது பற்றி உலமாக்களும் நிர்வாகிகளும் பேசவேண்டும். உலருணவு பெறுவோரின் பட்டியல் அனேகமாக எல்லாப் பள்ளிவாசல்களிலும் இருக்கிறது. மஹல்லாவில் எத்தனை வீடுகளில் அடகுச் சீட்டு இருக்கிறது என்ற பட்டியலை நான் இதுவரை எங்கும் கண்டதில்லை.