சோளக்கட்டையா, வேர்க்கட்டையா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

ஆண்டு மலரில் காதல் கவிதை எழுத நம் கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி எழுதவும் வரிசையில் நிற்கிறார்கள். ஆகவே நான் பைப்பைப் பற்றி எழுதுகிறேன். தண்ணீர் வருகிற பைப் அல்ல நண்பர்களே, புகை வருகிற பைப். பழைய தமிழில் சுங்கான்.

காரணம் இருக்கிறது. விடுதியில் இந்த வருடம் மூன்று பேர் பைப் வாங்கத் துடிக்கிறார்கள். "சிகரெட் மாதிரி இல்லை மச்சான், இது ஜென்டில்மேன் சமாச்சாரம். புகையை உள்ளே இழுக்கிறதே இல்லை, உடம்புக்கு ஒன்றும் ஆகாது" என்று பேச்சு வேறு. முதல் பைப்பை மக்காச்சோளக் கட்டையில் வாங்குவதா, பிரையர் மரத்தில் வாங்குவதா என்று ராத்திரி பதினொரு மணிக்குப் பட்டிமன்றமே நடக்கிறது. நடுவராக என்னைக் கூப்பிடுகிறார்கள். இரண்டையும் பிடித்துப் பார்த்தவன் நான் ஒருவன்தான். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆரம்பிக்கிறவனுக்குச் சோளக்கட்டைதான். பிரையர் பக்கமே போக வேண்டாம். ஆனால் நான் சொல்லப்போகும் காரணம் விடுதியில் பேசப்படும் காரணம் அல்ல.

முதலில் மெட்டீரியலைப் பார்ப்போம். நாம் மெக்கானிக்கல் அல்லவா!

மத்தியதரைக் கடல் ஓரங்களில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதர்ச்செடியின் வேரும் தண்டும் சேருமிடத்தில் உருண்டையாக ஒரு முண்டு வளர்கிறது. பிரையர் என்பது அதுதான். பெரிதாக வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டி எடுத்த முண்டை வெடிக்காமல் ஈரமாகவே வைத்திருந்து, துண்டு போட்டு, மணிக்கணக்கில் கொதிக்க வைத்து, பிறகு மாதக்கணக்கில் உலர்த்துகிறார்கள். அடர்த்தியான கட்டை, அதில் சிலிக்காவும் உண்டு. அதனால்தான் உள்ளே நெருப்பு கனிந்தாலும் கட்டை லேசில் பற்றுவதில்லை. பிரான்சில் செயின்ட் குளோட் என்ற மலை ஊரின் மரம் கடையும் தொழிலாளர்கள் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இதைக் கையில் எடுத்தார்கள். அதோடு மண் சுங்கானின் காலம் மெல்ல முடிந்தது.

மண் சுங்கான் என்றால் எங்கோ ஐரோப்பா சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். நம் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டிப் போனால் கல்பாக்கம் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை இருக்கிறதே, அங்கே தொல்லியல் துறையினர் தோண்டியபோது ஹாலந்தின் கௌடா ஊர்ச் சுங்கான்கள் கிடைத்தன. வெள்ளை மண்ணில் செய்தது, கீழே போட்டால் போச்சு. இந்தக் கடற்கரையில் உட்கார்ந்து புகை விட்ட முதல் ஜென்டில்மேன்கள் அவர்களாகத்தான் இருக்கும்.

சோளக்கட்டைக்கும் ஒரு ஹாலந்துக்காரர்தான் காரணம் என்பது வேடிக்கை. ஹென்றி டிப்பி என்பவர் அங்கிருந்து அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக்குக் குடியேறிய மரக் கடைசல்காரர். 1869-இல் ஒரு விவசாயி மணி உதிர்த்த சோளக்கட்டையைக் கொண்டு வந்து "இதை லேத்தில் போட்டு ஒரு பைப் கடைந்து கொடு" என்றாராம். நல்ல வியாபாரமாகி விட்டது. கட்டையின் வெளிப்புறத்தில் இருக்கும் குழிகளைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து அடைக்கும் முறைக்கு 1878-இல் காப்புரிமையும் வாங்கினார். அந்தக் கம்பெனி வாஷிங்டன் என்ற சின்ன ஊரில் இன்னும் நடக்கிறது. (தலைநகர் வாஷிங்டன் இல்லை, வைவாவில் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.) 1945 ஆகஸ்ட் 30 அன்று தோற்றுப்போன ஜப்பானில் வந்து இறங்கிய ஜெனரல் மெக்ஆர்தர் வாயில் இருந்ததும் சோளக்கட்டைதான். ஆக, அது ஏழைக்கு மட்டும் என்று சொல்ல முடியாது.

இதைக் கேட்டதும் நம் நண்பன் ஒருவன் கோவளம் பீச்சில் சுட்ட சோளம் தின்று, மிச்சக் கட்டையை வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வந்து டிரில் பிட் போட்டான். இரண்டே நாளில் அது சுருங்கி, நடுவில் பிளந்து, எறும்பு மொய்த்தது! நாம் தின்பது பிஞ்சுக் கதிர், பாதிக்கு மேல் தண்ணீர். பைப்புக்கு வேண்டியது நன்றாக முற்றிய பருமனான கட்டை. அதையும் ஒரு வருடத்துக்கு மேல் காயப்போடுகிறார்கள். வீரிய ரகங்கள் வந்தபிறகு கட்டை ஒல்லியாகிப் போனதால், பைப்புக்கென்றே தடித்த கட்டை தரும் விதையைத் தனியாகப் பயிரிடுகிறார்கள்.

இனி பிடிக்கிறவன் கதை. புது பிரையரை உடனே முழுக்க நிரப்பிப் பிடிக்கக் கூடாது. முதலில் கால், பிறகு அரை என்று போட்டு, உள்சுவரில் மெல்லிய கரிப் படலம் சேரும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் கட்டையே கருகும். ஒருமுறை பிடித்தால் ஒரு நாளாவது ஆறப்போட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் தங்கிப் புளிப்பு வாடை. தினம் பிடிக்கிறவனுக்கு ஒரு பிரையர் போதாது, இரண்டு மூன்று வேண்டும். பார்த்தீர்களா, செலவு எப்படிக் குட்டி போடுகிறது! சோளக்கட்டைக்கு இந்தப் பழக்கும் படலம் கிடையாது. பஞ்சு மாதிரி ஈரத்தை உறிஞ்சும், சீக்கிரம் காயும், முதல் நாளிலேயே சுமாராகப் புகையும். குறை, கிண்ணத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மரத் தண்டின் நுனி கருகும். ஆரம்பத்தில் பொரிசோள வாசனை வரும். சில மாதமோ சில வருடமோதான் ஆயுசு. நன்றாகப் பார்த்துக்கொண்ட பிரையர் மனிதனைவிட அதிக நாள் இருக்கும்.

கோவளம் காற்று வேறு இருக்கிறது. தர்கா பக்கம் மணலில் உட்கார்ந்து பற்றவைத்தால் காற்று ஊதுலை மாதிரி வேலை செய்யும். ஈரப் புகையிலை, கடல் காற்று, புதுக்கை மூன்றும் சேர்ந்தால் சூடான நீராவி வந்து நாக்கைப் பொசுக்கும். இரண்டு நாள் சாம்பார் ருசி தெரியாது. இதில் பிரையரும் ஒன்றுதான், சோளமும் ஒன்றுதான்.

உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்ற வாதத்தை இங்கேயே முடித்துவிடலாம். நுரையீரலுக்குள் இழுக்காவிட்டாலும் வாயின் தோல் வழியாகவே நிகோடின் ரத்தத்தில் ஏறும். பைப் பிடிப்பதால் உதட்டுப் புற்றுநோய் வருகிறது என்று அமெரிக்க அரசின் மருத்துவ அறிக்கை 1964-இலேயே எழுதிவிட்டது. இதில் கட்டை எந்த மரம் என்ற பேச்சே இல்லை.

அப்படியானால் ஏன் சோளக்கட்டைக்கு ஓட்டு? என் பெரியப்பாவுக்காக.

கோவளத்தில் இருக்கும் அவர் கப்பலில் வேலை பார்த்தவர். இத்தாலியில் வாங்கிய பிரையர் ஒன்று அவரிடம் உண்டு. தேன் நிறம், ரேகை ரேகையாக ஓடும், அழகு என்றால் அப்படி ஓர் அழகு. டாக்டர் சொல்லிப் புகையை விட்டுப் பன்னிரண்டு வருடமாகிறது. பைப் மட்டும் ஷோகேஸில் இருக்கிறது. டி.வி. பார்க்கும்போது காலியாகவே எடுத்துப் பல்லில் கடித்துக்கொள்வார். "தூக்கிப் போட்டுடுங்களேன் பெரியப்பா" என்றால், "போடா, எவ்வளவு விலை தெரியுமா? முப்பது வருஷமா பழக்கின கட்டைடா" என்பார். பெரியம்மா பக்கத்தில் நின்று ஒன்றும் பேசமாட்டார்கள். ஷோகேஸ் சாவி பெரியம்மா முந்தானையில் இருக்கும். அதை அவர் கேட்காமல் எடுக்கும் நாட்களும் உண்டு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான் பிடித்த சோளக்கட்டை, அலைச்சறுக்கு விளையாட வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் பிரிக்காமலே கொடுத்துவிட்டுப் போனது. ஏழு வாரத்தில் தண்டு ஆட்டம் கண்டது. ஒட்டவும் தோன்றவில்லை, இன்னொன்று வாங்கவும் தோன்றவில்லை. பத்துப் பதினைந்து டாலர்ச் சாமானுக்கு யார் அழுவார்கள்? பழைய தமிழ்ப் படத்துப் பணக்கார அப்பா டிரெஸ்ஸிங் கவுனோடு மாடிப்படி இறங்கும்போது வாயில் இருப்பது பிரையர். அந்த வேஷத்துக்குத்தான் நம் ஆட்கள் காசு சேர்க்கிறார்கள். அந்தக் காசு போட்ட பிறகு, பிடிக்கவில்லை என்று ஒருவனும் வாய் திறந்து சொல்லமாட்டான். "இன்னும் பழகணும் மச்சான்" என்பான். கரிப் படலம் சேர்வதற்குள் அவன் பழகியிருப்பான்.

வாங்கியே தீருவேன் என்கிற மூன்று பேருக்கும் இதுதான் என் தீர்ப்பு. முதலாண்டுத் தம்பிகளே, உங்களில் பலருக்குப் பதினெட்டே ஆகவில்லை. 2003-ஆம் வருடச் சட்டப்படி உங்களுக்குப் புகையிலை விற்கவே கூடாது, நம் கல்லூரியைச் சுற்றி நூறு கஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. உங்களுக்குப் பட்டிமன்றத்தில் இடமில்லை, போய்ச் சுட்ட சோளம் சாப்பிடுங்கள். மிளகாய்ப் பொடியும் எலுமிச்சையும் தூக்கலாகக் கேட்டு வாங்குங்கள்.